சரிபார்க்க முடிந்த வேலையைக் கொடுங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. சங்கப் பதிவைப் புதுப்பித்துவிட்டோம், தணிக்கையும் முடிந்தது. உறுப்பினர் சேர்க்கை, சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தன் அறிக்கையில் வைப்பார். அவற்றை நான் இங்கே திரும்பச் சொல்லவில்லை.

சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. கேட்டதை எழுத்தாகவும் படமாகவும் உருவாக்கித் தருகிற செயற்கை நுண்ணறிவை நம்மைப் போன்ற சிறு, நடுத்தர நிறுவனங்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஓராண்டு பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அது. அதற்காக அமைத்த ஏஐ குழு என்ன கண்டது என்பதற்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். உறுப்பினர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டதும் அதைத்தான்.

தொடக்கத்தில் இரண்டு விதமான பேச்சு இருந்தது. இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு, நமக்கு எதற்கு என்றார்கள் சிலர். இனி ஆளே வேண்டாம், எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள் வேறு சிலர். குழுவில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் இப்போது இந்த இரண்டையுமே சொல்வதில்லை. செய்து முடிக்க நேரம் பிடிக்கும், ஆனால் சரியா தப்பா என்று பார்க்க அதிக நேரம் பிடிக்காது என்கிற வேலைகளில்தான் லாபம் இருக்கிறது. குழு வந்து சேர்ந்த முடிவு இதுதான். சரிபார்க்க நமக்கே தெரியாத வேலையைக் கொடுத்தால் நேரம் மிச்சமானது போலத் தோன்றும். பிறகு பணமும் பெயரும் சேர்ந்து போகும்.

இதற்குக் காரணம் அந்தக் கருவி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற கணினி மாதிரி அமைப்பின் மேல்தான் இன்றைய சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எல்லாமே நிற்கின்றன. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகியவை அவை. அதனால் நடை சரளமாக வரும், கடிதம் கடிதம் போலவே இருக்கும். உள்ளே இருக்கும் தேதியும் தொகையும் சட்டப் பிரிவும் உண்மைதானா என்பது தனிக் கேள்வி. தெரியாத இடத்திலும் அதே சரளத்தோடு எழுதிவிடும் என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எங்கே பயன் கிடைத்தது?

அன்றாடக் கடிதப் போக்குவரத்தில் முதலில் கிடைத்தது. கொட்டேஷனோடு அனுப்பும் கடிதம், பாக்கியைக் கேட்டு எழுதும் நினைவூட்டல், வாடிக்கையாளர் புகாருக்குப் பதில், வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரம், பொருள் பட்டியலுக்கான விவரக் குறிப்பு. இவற்றை எழுத உட்காரத்தான் நமக்கு மனம் வராது. எழுதி வைத்ததைப் படித்தால் சரியா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாகெட் நோய், விட்னி ஷாங் இருவரும் 453 பட்டதாரிப் பணியாளர்களை வைத்து நடத்திய சோதனை 2023-ல் சயின்ஸ் இதழில் வந்தது. இது போன்ற எழுத்து வேலைகளில் சாட்ஜிபிடி வைத்திருந்தவர்களுக்கு நேரம் 40 சதவீதம் குறைந்தது, தரம் 18 சதவீதம் கூடியது. நம் உறுப்பினர்கள் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. தமிழில் கேட்கும்போது மட்டும் நடை விறைப்பாக வருகிறது, அதனால் நல்ல தமிழ் தெரிந்தவர் ஒருமுறை பார்த்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும்.

அடுத்தது, நீண்ட ஆவணங்கள். டெண்டர் எடுக்கும் உறுப்பினர்களுக்கு இது பெரிய உதவியாக இருந்தது. இந்த ஆவணத்தில் நாம் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் எவை, ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். பக்க எண்ணோடு கேட்பது முக்கியம். எண் இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதுதான். இப்படிக் கேட்டாலும் ஏதாவது ஒரு நிபந்தனை விடுபடலாம். அதனால் முன்வைப்புத் தொகை, கடைசித் தேதி, தகுதி விதிகள் மூன்றையும் மனிதர் ஒருவர் மூல ஆவணத்திலேயே படிக்க வேண்டும் என்று குழு விதி வைத்திருக்கிறது.

இன்னொரு உறுப்பினர் தன் நிறுவனத்துக்கு வந்த ஓராண்டுப் புகார்களைப் பெயர், தொலைபேசி எண்களை நீக்கிவிட்டுக் கொடுத்து, வகை பிரித்துத் தரச் சொன்னார். பொருளைப் பற்றி வந்ததைவிட, எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை என்ற புகாரே திரும்பத் திரும்ப வந்திருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்ய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. பொருள் கிளம்பியதும் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் விட எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. நம் நிறுவனங்கள் பலவற்றில் தொழிலின் நுட்பம் முழுவதும் ஒரே ஒருவர் தலையில் இருக்கிறது. எந்த இயந்திரம் எந்தச் சத்தம் போட்டால் என்ன கோளாறு, எந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும், எந்த ஆர்டரை ஒத்துக்கொள்ளவே கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெற்றால் எல்லாம் அவரோடு போய்விடும். இதை எழுதி வைக்க வேண்டும் என்று எல்லோரும் நினைப்போம், யாரும் செய்ய மாட்டோம். குழுவில் ஒரு உறுப்பினர் தன் மூத்த மேற்பார்வையாளரைப் பேசவிட்டுப் பதிவு செய்தார். அந்தப் பேச்சை எழுத்தாக மாற்றி, கேள்வி பதில் வடிவத்தில் கையேடாகத் தொகுக்கச் சொன்னார். கையேட்டை அந்த மேற்பார்வையாளரே வரிக்கு வரி திருத்தினார். இப்போது புதிதாகச் சேருபவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார்கள். அந்தப் பெரியவர் தன் அனுபவத்தை அச்சில் பார்த்தபோது எவ்வளவு மகிழ்ந்தார் என்று அந்த உறுப்பினர் கூட்டத்தில் சொன்னதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதற்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சே ரேமண்ட் மூவரும் 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களைப் பற்றிச் செய்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. ஏஐ துணை வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் தீர்த்த பிரச்சினைகளின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் மட்டும் பார்த்தால் 34 சதவீதம். கைதேர்ந்தவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. நல்ல பணியாளர்கள் பேசும் முறையைக் கருவி பிடித்துக்கொண்டு புதியவர்களுக்கு அந்தந்த நேரத்தில் எடுத்துக் கொடுத்தது என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். நம்மிடம் இருக்கும் அனுபவத்தை நம் ஆட்களுக்கே பரப்ப முடிகிறது என்றால், ஆள் பற்றாக்குறையில் திணறும் நிறுவனங்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பயன் கிடைக்காத இடங்களையும் பதிவு செய்வது என் கடமை. கணக்குத் தாளையும் ஆட்கள் சொன்ன தகவலையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் வேலைகளில் பதில் நம்பும்படியாக இருந்தது, சரியாக இல்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2023-ல் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களிடம் சோதித்தபோதும் இதுவே தெரிந்தது. கருவியின் எல்லைக்குள் இருந்த வேலைகளை அவர்கள் 25 சதவீதம் வேகமாக முடித்தார்கள். எல்லைக்கு வெளியே வேண்டுமென்றே வைத்த ஒரு வேலையில், ஏஐ வைத்திருந்தவர்கள் சரியான விடைக்கு வந்தது மற்றவர்களைவிட 19 சதவீதப் புள்ளிகள் குறைவு. படித்த, பழகிய ஆலோசகர்களுக்கே இப்படி.

நேரம் மிச்சமாகிறதா என்பதை மனதுக்குப் பட்டதை வைத்துச் சொல்லாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள் என்று குழு திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. மீட்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2025-ல் அனுபவமுள்ள 16 மென்பொருள் நிரலாளர்களைக் கவனித்தது. ஏஐ பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. வேலை முடிந்த பிறகும் தங்களுக்கு 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே அவர்கள் நினைத்திருந்தார்கள்! நம் குழுவில் நேரத்தைக் குறித்து வைத்த உறுப்பினர்கள் சிலர், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைகளைப் பழையபடி கையாலேயே செய்யத் திரும்பிவிட்டார்கள். அதையும் நல்ல முடிவாகவே குழு பார்க்கிறது.

வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் சாட்பாட்டை இணையதளத்தில் வைக்க விரும்பும் உறுப்பினர்கள் ஏர் கனடா விமான நிறுவனத்தின் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவர் இறந்ததால் பயணம் செய்தவரிடம், சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று அந்த நிறுவனத்தின் சாட்பாட் தவறாகச் சொல்லிவிட்டது. அது சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் பெயரில் அது சொல்வது நாம் சொன்னதாகவே ஆகும். வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு வரைவைத் தயார் செய்ய அதை விடுங்கள், அனுப்பும் பொத்தானை உங்கள் பணியாளர் அழுத்தட்டும். இப்போதைக்கு அதுவே என் ஆலோசனை.

ரகசியம் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் நிரல்களைச் சாட்ஜிபிடியில் இட்டது தெரிந்து, அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. நாம் தடை போட வேண்டியதில்லை, ஆனால் எதைக் கொடுக்கக் கூடாது என்று எழுதி வைக்க வேண்டும். தனிநபர் கணக்குகளில் நாம் இடும் செய்திகள் கருவியின் அடுத்த பயிற்சிக்குப் போகலாம். அதை நிறுத்தும் வசதி அமைப்புகளில் எங்கே இருக்கிறது என்று பார்த்து அணைத்து வையுங்கள். நிறுவனங்களுக்கான சந்தா எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வாடிக்கையாளர் விவரம், வங்கி விவரம், இன்னும் திறக்காத டெண்டரின் விலை, பணியாளர் சம்பளம் எதுவும் உள்ளே போகக் கூடாது. பல நிறுவனங்களில் முதலாளிக்குத் தெரியாமல் பணியாளர்கள் ஏற்கெனவே தங்கள் கைபேசியில் இதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுத் திட்டாமல், எதற்குப் பயன்படுத்தலாம் எதற்குக் கூடாது என்று உட்கார்ந்து பேசுங்கள். நல்ல யோசனைகள் பல அவர்களிடமிருந்துதான் வந்தன.

ஆட்குறைப்பு பற்றிச் சில உறுப்பினர்கள் கேட்டார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த கிளார்னா என்ற பணப் பரிவர்த்தனைச் சேவை நிறுவனம் 2024-ல் தன் ஏஐ உதவியாளர் 700 பேரின் வேலையைச் செய்வதாக அறிவித்தது. செலவைக் குறைப்பதிலேயே கவனம் வைத்ததால் தரம் குறைந்துவிட்டது என்று 2025-ல் அதன் தலைவரே சொல்லி, சேவைப் பிரிவில் மீண்டும் மனிதர்களை எடுக்கத் தொடங்கினார். நம் அளவில் இருக்கும் நிறுவனத்தில் சரிபார்க்கத் தெரிந்த ஆளை அனுப்பிவிட்டுக் கருவியை வைத்துக்கொள்வது ஆபத்தான காரியம் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். மிச்சமாகும் நேரத்தை வாடிக்கையாளரை நேரில் போய்ப் பார்ப்பதில் செலவிட்ட உறுப்பினர்கள் புது ஆர்டர்களோடு திரும்பியிருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு சில திட்டங்களை முன்வைக்கிறது. ஏஐ குழு தொடரும், அதில் சேர விரும்பும் புதியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். உறுப்பினர் நிறுவனங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பக்கப் பயன்பாட்டு விதிகளின் மாதிரியைக் குழு தயாரித்துத் தரும். நன்றாக வேலை செய்த கட்டளை வரிகளை, அதாவது ப்ராம்ப்ட்களை, தொழில் வாரியாகத் தொகுத்துப் பகிர்வோம். கணக்குப் பிரிவில் வேலை செய்பவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள், அதுவும் நடக்கும். தங்கள் அலுவலக நேரத்தைக் கொடுத்துக் குழுவில் உழைத்த உறுப்பினர்களுக்கும், வேலை முறையை மாற்றிப் பார்க்க முன்வந்த அவர்களுடைய பணியாளர்களுக்கும் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். திருத்தங்கள் இருந்தால் இப்போதே சொல்லலாம். பொருளாளர் அறிக்கை இதற்கு அடுத்து வருகிறது.

செயலாளர்