சண்முகத்துக்கு, ஓர் எல்லைக்கல்லைப் பற்றி

அன்புள்ள சண்முகம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். காரணம் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். இங்கே எல்லோரும் நலம். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ராசு கடனைத் திருப்பிக் கொடுத்தானா, இன்னமும் தை பிறக்கட்டும் என்கிறானா?

இன்று பேனாவை எடுக்க வைத்தது ஒரு கல். நேற்று மகள் என்னை மோட்லாராய்ட் என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனாள். ஜெர்மனியில் ஹோஃப் நகருக்கு வடக்கே, பவேரியா, துரிங்கியா என்ற இரண்டு மாநிலங்களும் தொடும் இடம். சுமார் ஐம்பது பேர் வாழும் ஊர். நடுவே டான்பாக் என்றொரு ஓடை. நீ வேட்டியை மடித்துக் கட்டாமலே தாண்டிவிடுவாய், அவ்வளவுதான் அகலம்.

1810-ஆம் ஆண்டு அந்த ஓடையை ஒட்டி எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். தெற்கே பவேரிய முடியரசு, வடக்கே ரொய்ஸ் சிற்றரசு. அரசுகளின் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். எந்த நாடானால் என்ன, உன்னைப் போன்ற நில அளவைக்காரர்கள்தானே சங்கிலி பிடித்திருப்பார்கள்! குனிந்து தடவிப் பார்த்தபோது உன் நினைவுதான் வந்தது. அந்தக் கோணல் கல் விவகாரமும் வந்தது, அதை இங்கே எழுத மாட்டேன்.

கல் நட்ட பிறகும் ஊர் ஒன்றாகவே இருந்திருக்கிறது. பள்ளிக்கூடமும் மதுக்கடையும் வடபாதியில். தேவாலயத்துக்குத் தெற்கே டோப்பென் ஊருக்குப் போக வேண்டும். ஓர் அரசனின் குடிமகன் இன்னோர் அரசனின் மண்ணில் பீர் குடித்துவிட்டு, இருட்டில் ஓடையைத் தாண்டி வீடு திரும்பியிருக்கிறான். அரசர்கள் போனார்கள், குடியரசு வந்தது, கோடு மட்டும் இரண்டு மாநிலங்களின் எல்லையாகத் தங்கியது. யாருக்கும் அதனால் தூக்கம் கெடவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வடபாதி சோவியத் வசம், தென்பாதி அமெரிக்கர் வசம் போயின. 1949-ல் இரண்டும் இரண்டு தேசங்கள்: வடபாதி கிழக்கு ஜெர்மனி, தென்பாதி மேற்கு ஜெர்மனி. 1952-ல்தான் கொடுமை தொடங்கியது. கிழக்கு ஜெர்மனி தன் எல்லை நெடுகப் பத்து மீட்டர் அகலத்துக்கு மண்ணைக் கிளறிப் போட்டது. அதற்கு அப்பால் 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை, அதற்கும் அப்பால் ஐந்து கிலோமீட்டர் தடைப் பகுதி. நம்ப முடியாதவர்கள் என்று அரசு கருதிய குடும்பங்களை வீட்டைவிட்டுப் பெயர்த்து உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பெயரின் பொருள் என்ன தெரியுமா? புழுபூச்சி. படித்ததும் கை நடுங்கிவிட்டது, சண்முகம்.

முதலில் பலகை வேலி. பிறகு முள்கம்பி. 1966-ல் கான்கிரீட் சுவர், 700 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் உயரம். அமெரிக்கச் சிப்பாய்கள் 'குட்டி பெர்லின்' என்று பெயர் வைத்தார்கள். ஊர் வளரவே இல்லை. 1973-ல் ஒருவர் ஏணி வைத்து ஏறித் தப்பியிருக்கிறார்.

சுவரைவிட என்னை வாட்டுவது வேறொன்று. மேற்குக் கரையில் நிற்பவர்கள் கிழக்கே பார்த்துக் கையசைக்கலாம். கிழக்கில் இருப்பவர்கள் பதிலுக்குக் கையசைக்கக்கூடாது. தடை. கூப்பிடு தூரத்தில் உறவுக்காரன் நிற்கிறான், கை தன்னால் எழும், அதை இறக்கிக்கொள்ள வேண்டும். இப்படி முப்பதாண்டுகளுக்கு மேல். இரவு முழுக்க இதையே நினைத்துக் கிடந்தேன். நீ வாசலில் நின்று கூப்பிட்டு, நான் காதில் விழாததுபோல் மாடு கட்டப் போவதாக நினைத்துப் பார். அதை ஒரு நாள்கூட என்னால் செய்ய முடியாது.

பெர்லினில் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. இந்த ஊருக்குள் நடந்து கடக்க வழி கிடைத்தது டிசம்பர் 9. ஒரு மாதம்! பெர்லினைப் பார்க்க உலகமே கூடியது, இந்த ஐம்பது பேரை யார் பார்ப்பார்கள்? 1990 ஜூன் 17 அன்று புல்டோசர் வந்து சுவரை இடித்தது. ஒரு துண்டை மட்டும் அருங்காட்சியகத்துக்காக நிற்கவிட்டிருக்கிறார்கள்.

இன்றும் ஊர் இரண்டு மாநிலங்களில்தான் இருக்கிறது. அஞ்சல் குறியீடு வேறு, வண்டி எண் வேறு. தெற்கே 'க்ரூஸ் காட்' என்று வணங்குகிறார்கள், வடக்கே 'கூட்டன் டாக்'. மகள் இதைப் பார்த்து வருத்தப்பட்டாள், இன்னும் ஒன்று சேரவில்லையே என்று. எனக்கு வருத்தமே இல்லை. ஓடையை இரண்டு முறை தாண்டினேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

எல்லையைத் தெளிவாக அளந்து கல் நட்டுவிட்டால் வம்பு வராது என்பாய். எல்லைதான் வம்பே என்று நான் நாற்பது வருடம் உன்னோடு மல்லுக்கு நின்றேன். பாதியை இன்று விட்டுக்கொடுக்கிறேன். நூற்று நாற்பது ஆண்டுகள் அந்தக் கல் யார் வழியையும் மறிக்கவில்லை. ஆனால் 1952-ல் வேலி போட வந்தவர்கள் புதிதாக எதையும் அளக்கவில்லை, சண்முகம். கோடு தயாராகக் கிடந்தது. உன் ஆட்கள் கிழித்த கோடு. இதற்கு நீ என்ன சொல்கிறாய்? சுற்றி வளைக்காமல் எழுது.

கல்லின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். இடது பக்கம் லேசாகச் சாய்ந்ததுபோல் எனக்குத் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
முத்து

(படத்தை ராசுவிடம் காட்டாதே. திரும்பி வராது.)