கொட்டகையைப் பிரித்துவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். தேவகோட்டைப் பையன் சார்ஜாவுக்குத் திரும்புகிறான் என்று அம்மா மோர்மிளகாயும் கூழ்வற்றலும் கட்டுகிறாள். அதோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். போனில் நீ "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறாய்.

கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. ஊருணியில் முழங்கால் அளவு தண்ணீர்தான். விடிகாலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. தண்ணீர் சூடானால் அதில் மூச்சுக்காற்று குறைந்துபோகுமாம். நான் பகலெல்லாம் பெரிய வீட்டுக் காவலில் இருக்கிறேன். அந்தச் சுண்ணாம்புச் சுவருக்கும் கூரை உயரத்துக்கும் உள்ளே வளவில் உட்கார்ந்தால் வெயிலே தெரியாது. அந்நேரம் நீ கட்டடச் சாரத்தில் நிற்பாயே என்று நினைத்தால் அங்கே உட்காரவும் முடியவில்லை.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடி. உப்புப் போட்ட மோர் கிடைத்தால் நல்லது.

போன வாரம் ஒரே மத்தியானத்தில் நாலு கோழி செத்துப்போனது. நீ அனுப்பிய பணத்தில் கீற்றைப் பிரித்துத் தகரம் போட்டேனே, அந்தக் கொட்டகைக்குள்தான். என் மகன் சம்பாத்தியம் என்று தெருவெல்லாம் சொல்லிப் போட்ட தகரம். காலையிலேயே இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஒரு சட்டித் தண்ணீரை வைத்துவிட்டு நான் பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டேன். கோழிக்கு வியர்வையே கிடையாது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ளும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். ஜெர்சி மாடும் பாலைக் குறைத்துவிட்டது. அப்பத்தா காலத்துப் புலிக்குளம் மாடு இப்படித் திணறியதே இல்லை.

அப்புறம் சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடமும் கேட்டேன். கடலோர ஊரில் காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது என்றார். நிழலில் இருந்துவிட்டுப் போகிறவர் உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை முழு வேலை பார்க்கக் கூடாதாம். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு, போன மறுநாளே நீ சாரம் ஏறினாய். "யாருக்காகக் கேட்கிறீர்கள்?" என்றார். சும்மாதான் என்றேன்.

ஜூன் 15-லிருந்து பகல் 12.30 முதல் 3 மணி வரை அங்கே வெளிவேலை கிடையாது என்பது தெரியும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறதே! யாருக்காவது பேச்சு குழறினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அறையில் எல்லோருக்கும் சொல்லி வை. தண்ணீர் குடி.

உன்னோடு அங்கிருக்கும் காளையார்கோவில் பையன் வீட்டில் ஒரு விஷயம் சொன்னார்கள். அதை நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்.

முதல் வருஷம் ஆடியில் நீ போன் செய்து, "முடியலப்பா, வெயில் ஆளைக் கொல்லுது" என்றாய். வீட்டுக் கடன்தான் எனக்கு முன்னால் நின்றது. "எல்லாரும் பார்க்கிற வேலைதானே, பொறுத்துக்கோ" என்றேன். அதற்கப்புறம் நீ என்னிடம் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ பழகிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று நீ விட்டிருக்கிறாய். தப்பு என்னுடையது தம்பி. அன்றைக்கே, "என்ன செய்யுது உனக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும்.

தகரத்தை நேற்றுப் பிரித்துவிட்டேன். தென்னங்கீற்றுக்குச் சொல்லியிருக்கிறேன். கடனை மெதுவாக அடைத்துக்கொள்ளலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. விளக்கைப் போட்டுவிட்டு உட்கார், முகம் தெரியட்டும்.

இப்படிக்கு,
அப்பா