டர்னெஸில் ஒரு வாரம் தங்குங்கள்

வட ஸ்காட்லாந்துக்கு விடுமுறையில் கிளம்பும் இங்கிலாந்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். பள்ளி மூடியதும் உங்களில் பலர் காரில் இன்வர்னெஸ் வரை போய், அங்கிருந்து நார்த் கோஸ்ட் 500 சுற்றுப்பாதையைப் பிடிக்கிறீர்கள். 2015ல் அறிமுகமான அந்தப் பாதை 516 மைல். நான்கே நாளில் சுற்றி முடித்தோம் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் தடவை நாங்களும் அப்படித்தான் போனோம். எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்று திரும்பி வந்த பிள்ளைகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த தடவை வடமேற்கு மூலையில் டர்னெஸ் பக்கம் ஒரு காட்டேஜை ஏழு நாளைக்கு எடுத்தோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏன் ஒரு வாரம்? அங்கே எல்லாவற்றையும் காற்றும் கடலும்தான் தீர்மானிக்கின்றன. கேப் ராத் முனைக்குப் போக ஒரு சின்னப் படகில் கழிமுகத்தைக் கடந்து, அக்கரையில் காத்திருக்கும் மினிபஸ்ஸில் கரடுமுரடான பாதையில் 11 மைல் போக வேண்டும். முனையில் நிற்கிறது 1828ல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய கலங்கரை விளக்கம். காற்று பலமாக அடித்தால் படகு இல்லை. ராணுவம் குண்டுப் பயிற்சி நடத்தினாலும் இல்லை. ஒரே ஒரு ராத்திரி தங்குபவர்கள் படகுத்துறையோடு திரும்ப வேண்டியதுதான். எங்களுக்கு ஐந்தாம் நாள்தான் வாய்த்தது.

ஸ்மூ குகையும் அப்படித்தான். வாசல் பக்கத்தைக் கடல் குடைந்தது, உள்ளறையை ஓடைத் தண்ணீர் குடைந்தது. உள்ளே படகுப் பயணம் உண்டு, ஆனால் மழை கொட்டி ஓடை பெருகினால் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கும் போங்கள். மரப்பாலத்தில் நின்றால் போதும், உள்ளறையில் அருவி விழும் சத்தம் நெஞ்சுக்குள் அதிரும்.

சேண்ட்வுட் பே கடற்கரைக்கு வண்டிப் பாதையே கிடையாது. பிளேர்மோரில் காரை நிறுத்திவிட்டுப் போக 4 மைல், வர 4 மைல் நடை. சிறு பிள்ளைகள் இருந்தால் முழு நாளையும் அதற்கே ஒதுக்குங்கள்.

அப்புறம், கென்னபின் கடற்கரை. வெள்ளை மணலைப் படமெடுத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். மேலே சரிவில் ஒரு ஊர் இருந்தது. ஆட்டுப் பண்ணைகளுக்காக மலைநாட்டுக் குடிகளை வெளியேற்றிய காலத்தில், 1841ல் உத்தரவோடு வந்தவர்களை அவ்வூரார் எதிர்த்து நின்றார்கள். டர்னெஸ் கலவரம் என்று அதைச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே ஊர் காலியானது. இப்போது இருப்பது இடிந்த சுவர்களும் விளக்கப் பலகைகளும்தான். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் கதை நம்மில் பலருக்குச் சொந்தக் கதை. பிள்ளைகளை அங்கே நிறுத்திச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு முக்கியமான வேண்டுகோள். அங்கே பெரும்பாலும் ஒற்றைத் தடச் சாலைகள்தான். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட 'பாஸிங் பிளேஸ்' என்று பலகை வைத்த இடங்கள் இருக்கும். அங்கே காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்காதீர்கள். பின்னால் வேகமாக வரும் வண்டிக்கும் அதில் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆம்புலன்ஸும் அந்த ஒரே சாலையில்தான் வர வேண்டும். நம் குடும்பம் ஒன்று அப்படி நிறுத்தியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மனம் கூசியது.

சரி, எப்போது போவது? கோடை விடுமுறைதான் நம் வழக்கம். ஆனால் மே கடைசியில் வரும் அரைப்பருவ விடுமுறையை யோசித்துப் பாருங்கள். பஃபின் பறவைகள் அப்போது டர்னெஸ் பக்கத்து ஃபரைட் ஹெட் முனைப் பாறைகளில் இருக்கும். கோடை விடுமுறைக்கு இங்கிலாந்தில் பள்ளி மூடி நாம் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலானவை கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. ஸ்காட்லாந்தின் வடகரையிலும் ஆர்க்னியிலும் தவிர உலகில் வேறெங்கும் முளைக்காத ஸ்காட்டிஷ் ப்ரிம்ரோஸ் மே மாதம் பூக்கும். விரல் நீளம்கூட இராத ஊதாப் பூச்செடி, குனிந்துதான் தேட வேண்டும். காற்று அடங்கியதும் மொய்த்துக் கடிக்கும் மிட்ஜ் பூச்சிகளின் தொல்லையும் அப்போது குறைவு. ராத்திரி பத்து மணிக்கும் பால்னகீல் கடற்கரை மணலில் பிள்ளைகள் விளையாட வெளிச்சம் இருக்கும்.

அன்புடன்,
உங்களைப் போல ஒரு பயணி