தெருவிளக்குகளைத் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தாராபுரம், காங்கேயம், உடுமலை வட்டாரங்களின் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் நம் வட்டாரத்துக்குத் தை முதல் பங்குனி வரை தெளிந்த இரவுகள் வாய்க்கின்றன. தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையொன்றின் மேல் நகரும் கூரையோடு அமைந்த சிறு வானோக்குக் கூடத்தில், தொலைநோக்கியோடு கேமராவைப் பொருத்தி, நெபுலாக்கள் எனும் விண்வெளி வாயு மேகங்களையும் விண்மீன் மண்டலங்களையும் (கேலக்ஸிகளையும்) அந்த மாதங்களில் படமெடுத்து வருகிறோம். சாலைகளில் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துவது குறித்தே இம்மடல்.

மின்சாரம் மிச்சமாகும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. விளக்கின் நிறத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஓரியன் போன்ற நெபுலாவில் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரிலும் ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரிலும் ஒளிர்வதால், அந்த அலைநீளங்களை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைக் கேமராவின் முன் வைத்துத் தெருவிளக்கின் ஒளியைப் பெருமளவு தடுத்துவிடலாம். ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்திடம் இந்த உத்தி பலிக்காது. அதிலிருந்து வருவது எண்ணற்ற விண்மீன்களின் கலவை ஒளி. எல்லா நிறமும் அதில் உண்டு, வெள்ளை விளக்கிலும் உண்டு. சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சளைச் சுற்றியே இருந்ததால், அதை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள வழியிருந்தது. வெள்ளை எல்.இ.டி.யிலோ நீலம் கூடுதல். காற்றில் அதிகம் சிதறுவதும் அதே நீலந்தான். ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதி நகரத்திலிருந்தும் படத்தில் விழுந்துவிடும், வெளிக்கரங்கள்தான் முதலில் காணாமற் போகின்றன.

அந்த வெளிச்சத்தைக் கணினியில் கழித்துவிடலாமே என்று உங்கள் பொறியாளர்கள் கேட்கக்கூடும். சராசரி வெளிச்சத்தைக் கழிக்கலாம். அதனோடு வந்து சேரும் இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாகத் தெரியும் ஒளிப்புள்ளிகள், கழியாது. அதைத் தணிக்கவே பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். வானத்தின் பின்னணி வெளிச்சம் இரு மடங்கானால், மங்கலான பொருளை அதே தரத்தில் பெற ஏறத்தாழ இரு மடங்கு நேரம் படமெடுக்க வேண்டும். தை மாத இரவும் அவ்வளவு நீளமில்லை.

தெற்குத் திசைதான் எங்கள் பெருங்கவலை. ஐரோப்பாக் கண்டத்தில் எழவே எழாத ஈட்டா கரினா நெபுலா, நம் ஊரில் உச்சத்தில் நிற்கும்போதும் அடிவானிலிருந்து 20 பாகை அளவே உயர்கிறது. அவ்வளவு தாழ்வில், ஊர்களின் ஒளிமூட்டத்தை ஊடுருவியே அதைப் படமெடுக்க வேண்டியுள்ளது.

லடாக்கின் ஹான்லேயில் 2022இல் அறிவிக்கப்பட்டது போன்ற இருள்வான் காப்பகத்தை நாங்கள் இங்கே கேட்கவில்லை. பாம்பு நடமாடும் இட்டேரியிலும், இரவு ஷிப்ட் முடிந்து மில் வேனிலிருந்து இறங்கும் பெண்கள் நடக்கும் சாலையிலும் விளக்கு வேண்டும். நோம்பிக்குச் சீரியல் விளக்கு எரிவதிலும் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. அடுத்த கொள்முதலில், நிற வெப்பநிலை 3000 கெல்வினுக்கு மேற்படாத (அதாவது நீலம் குறைந்த), ஒளி மேல்நோக்கிச் சிதறாதபடி மூடிய விளக்குகளைக் கேளுங்கள். உயர்கோபுர மின்விளக்குகளைத் தரையை நோக்கித் திருப்பி, நள்ளிரவுக்குப் பின் மங்கவைக்க ஏற்பாடு செய்யுங்கள். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் இயலாதெனில், கூடத்துக்குத் தெற்கே ஒரு சாலையில் தொடங்கலாம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நிலவற்ற இரவுகளில் வானத்தின் வெளிச்சத்தை அளந்து, அளவீடுகளையும் படங்களையும் உங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
தாராபுரம் வட்டார வானியல் ஆர்வலர்கள் சிலர்