நூறு அடிக்குள் மறையும் பாறை

ஆசிரியர் அவர்களுக்கு,

அலாஸ்காவின் நோட்டாக் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் பழைய 1:63,360 அளவு (ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்) நிலவரைபடத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளுக்கு உயர இடைவெளி 100 அடி என்றால், 80 அடிச் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே அடையாளமே தெரியாமல் போய்விடும். தாளில் அது வெறும் சரிவு. ஜிபிஎஸ் கருவியில் வரைபட ஓரத்தில் அச்சிட்டுள்ள 1927 ஆதாரத்தளத்தையே (இருப்பிடத்தை அளக்க அடிப்படையாகக் கொண்ட புவி மாதிரி) வையுங்கள். கருவியில் வேறு ஆதாரத்தளம் இருந்தால் இருப்பிடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். அச்சிட்ட காந்த விலக்கமும் (திசைகாட்டி வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணம்) பழையதே.

மேகம் விலகாத அந்த வடக்கில், 2010 முதல் மேகத்தை ஊடுருவும் ரேடாரால் 5 மீட்டர் கட்டங்களாக உயரம் அளந்தது பெரும் வரம். ஆனாலும் கிளை பிரிந்தோடும் ஆறு வெள்ளத்துக்கு வெள்ளம் தடம் மாறும். முகாம் போடுமுன் அண்மைச் செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிடுங்கள்.

நில அளவையாளர், திருச்சி