'நியாயமாக இருப்பீர்களா?' என்று கேட்டால் யார் இல்லை என்பார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாதாரணக் குடிமக்களே உட்கார்ந்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் அமெரிக்க ஜூரி முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள், நன்றி. ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஜூரிக்கு ஆள் எடுக்கும்போதே கேள்வி கேட்டுப் பாரபட்சம் உள்ளவர்களை விலக்கிவிடுகிறார்கள், அதனால் விசாரணை நியாயமாக நடக்கிறது என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தக் கேள்விகளுக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொன்னவள் நான். அது அவ்வளவு சுலபமான விஷயம் இல்லை.

இங்கே குடியுரிமை வாங்கிய மூன்றாம் வருடம், ஜூரித் தேர்வுக்கு வரச் சொல்லி எனக்குச் சம்மன் வந்தது. வீடு புகுந்து திருடியதாக ஓர் இளைஞன் மீது வழக்கு. அதற்கு முந்தைய வருடம்தான் எங்கள் வீட்டுக் கதவை உடைத்து, என் அம்மா கல்யாணத்துக்குப் போட்ட வளையல்கள் உட்பட எல்லா நகையையும் கொண்டுபோயிருந்தார்கள். ஆள் பிடிபடவே இல்லை. "உங்களில் திருட்டுக் கொடுத்தவர்கள் உண்டா?" என்று நீதிபதி கேட்டார். கை தூக்கினேன். "அப்படி இருந்தும், சாட்சியங்களை மட்டும் வைத்து நியாயமாக முடிவு சொல்ல உங்களால் முடியுமா?" "முடியும்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. மேடையில் கறுப்பு அங்கியோடு நீதிபதி, சுற்றிலும் முன்பின் தெரியாத நாற்பது பேர். அந்த இடத்தில் எழுந்து 'என்னால் நியாயமாக இருக்க முடியாது' என்று எத்தனை பேர் சொல்வார்கள்? ஆனால் அந்தப் பையனைப் பார்த்தபோது, எங்கள் வீட்டுக்கு வந்தவனும் இப்படித்தான் இருந்திருப்பான் என்று மனதுக்குள் ஓடியது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் அவனுடைய வக்கீல் காரணம் எதுவும் சொல்லாமலே என்னை விலக்கிவிட்டார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் அவர் செய்தது சரி.

விலக்குவதில் இரண்டு வகை உண்டு. இவர் பாரபட்சமானவர் என்று காட்டி, நீதிபதி ஒப்புக்கொண்டால் விலக்குவது ஒன்று. இதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. காரணமே சொல்லாமல் விலக்குவது இன்னொன்று. பெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் பெரிய குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்குப் 10 பேரையும், அரசுத் தரப்புக்கு 6 பேரையும் இப்படி விலக்க உரிமை உண்டு. மரண தண்டனை வழக்கென்றால் தரப்புக்கு 20 பேர். என் 'முடியும்' என்ற பதிலை நீதிபதி ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பையனைக் காப்பாற்றியது இந்த இரண்டாவது உரிமைதான்.

'முடியும்' என்ற பதிலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 1961-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இண்டியானா மாநிலத்தில் லெஸ்லி இர்வின் என்பவர் மீது கொலை வழக்கு. ஊர் முழுக்கப் பத்திரிகைச் செய்திகள். ஜூரிக்காக அழைத்த 430 பேரில் 268 பேரை, அவர் குற்றவாளி என்று ஏற்கெனவே முடிவு கட்டியவர்கள் என்று அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியாகத் தேர்வான 12 பேரிலும் 8 பேர் அவரைக் குற்றவாளி என்றே நினைத்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் 'என்னால் நடுநிலையாக இருக்க முடியும்' என்று உறுதி சொல்லியிருந்தார்கள். அந்த உறுதியை நம்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்தது. மறுவிசாரணையிலும் இர்வின் குற்றவாளி என்றே தீர்ப்பானது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தீர்ப்பு முன்கூட்டியே முடிவெடுத்த எட்டுப் பேர் கையில் இருக்கக் கூடாது என்பது, குற்றம் செய்தவருக்கும் சேர்த்துத்தானே?

கொலராடோ மாநிலத்தில் பெண்யா ரோட்ரிகஸ் என்பவர் மீது நடந்த வழக்கிலும் ஜூரர்களிடம் (ஜூரியில் உட்கார்ந்தவர்களிடம்) நியாயமாக இருக்க முடியுமா என்று பொதுவாகக் கேட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. தீர்ப்பு வந்த பிறகு இரண்டு ஜூரர்கள் வக்கீலிடம் வந்து, தங்களில் ஒருவர் 'மெக்சிகோக்காரன் என்பதால் இவன்தான் செய்திருப்பான்' என்ற பொருளில் ஜூரி அறைக்குள் பேசியதைச் சொன்னார்கள். ஜூரி அறைக்குள் பேசியதைத் தீர்ப்புக்கு எதிராகக் காட்டப் பொதுவாக அனுமதி இல்லை என்பதால், அந்தப் பேச்சை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று முடிவாக 2017 வரை ஆனது.

கேள்வி போதாமல் போவது ஒரு பக்கம். கேள்வியையே ஆயுதமாக்குவது இன்னொரு பக்கம். கர்ட்டிஸ் பிளவர்ஸ் வழக்கைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. மிசிசிப்பியில் வினோனா என்ற சின்ன ஊர். 1996-ல் ஒரு பர்னிச்சர் கடையில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே சில நாள் வேலை பார்த்த கறுப்பினத்தவரான பிளவர்ஸைக் கைது செய்து, ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணைக்குக் கொண்டுவந்தார். அந்த ஆறிலும் சேர்த்து, தன்னால் விலக்க முடிந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை விலக்கினார்.

1986-லேயே பாட்சன் வழக்கில், இனத்தைக் காரணமாக வைத்து ஜூரரை விலக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. அதனால் வேறு ஏதாவது காரணம் காட்டியாக வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடும் கருவியாகத்தான் கேள்விகள் பயன்பட்டன. ஆறாவது விசாரணையில், விலக்கிய ஐந்து கறுப்பினத்தவரிடம் அரசுத் தரப்பு கேட்ட கேள்விகள் 145. ஜூரியில் உட்கார்ந்த பதினொரு வெள்ளையரிடம் கேட்டவை மொத்தமே 12. சின்ன ஊர் என்றால் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்தான். வழக்கில் சம்பந்தப்பட்டவர்களை நிறையப் பேரைத் தெரியும் என்பதை வைத்து ஒரு கறுப்பினப் பெண்ணை விலக்கினார்கள். அதே மாதிரி பலரைத் தெரிந்திருந்த வெள்ளையரிடம் யாரைத் தெரியும், எப்படித் தெரியும் என்று துருவவே இல்லை. கேட்டால்தானே காரணம் கிடைக்கும்? 2019-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தண்டனையை ரத்து செய்தது. அடுத்த வருடம் அரசே வழக்கைக் கைவிட்டது. அதற்குள் அந்த மனிதர் இருபது வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்.

கட்டுரையாளர் தொடாத இன்னொரு விஷயமும் உண்டு. கேள்வி ஆளை அளப்பதோடு நிற்பதில்லை, கேட்கும்போதே அவர் மனதைக் கொஞ்சம் மாற்றியும் விடுகிறது. மரண தண்டனை வழக்குகளில், விசாரணை தொடங்கும் முன்பே 'இவர் குற்றவாளி என்று முடிவானால் மரண தண்டனைக்கு ஓட்டுப் போட உங்களால் முடியுமா?' என்று கேட்கிறார்கள். ஒரு சாட்சிகூட வராத நேரத்தில் எல்லாரும் தண்டனையைப் பற்றியே பேசினால், குற்றம் ஏற்கெனவே உறுதியானது போலத் தோன்றாதா? கிரெய்க் ஹேனி என்ற உளவியலாளர் 1980-களில் இதைச் சோதித்தார். இந்தக் கேள்விகள் அடங்கிய ஜூரித் தேர்வைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட அதிகமாக 'அவர் குற்றவாளிதான்' என்ற பக்கம் சாய்ந்தார்கள்.

நல்ல திசையிலும் இதே வேலை நடக்கிறது. 2006-ல் சாமுவேல் சாமர்ஸ் என்ற ஆய்வாளர் மாதிரி ஜூரிகளை வைத்துச் செய்த ஆய்வில், இனப் பாரபட்சம் பற்றி முன்கூட்டியே கேள்வி கேட்கப்பட்டவர்கள், குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவரை அவசரப்பட்டுக் குற்றவாளி என்று சொல்வது குறைந்தது. உள்ளே உட்கார்ந்து கலந்து பேசுவதற்கு முன்பே இந்த மாற்றம் தெரிந்தது. யாரையும் விலக்காமலே, ஒரு கேள்வி மனதை விழிக்க வைத்திருக்கிறது.

அதனால் கேள்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஜூரர்களை இப்படித் துருவுவதில்லை, காரணமின்றி விலக்கும் உரிமையையும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். அரிசோனா மாநிலம் 2022 முதல் அந்த உரிமையை ரத்து செய்திருக்கிறது. பிளவர்ஸ் வழக்கைப் பார்த்தால் அதன் நியாயம் புரிகிறது. ஆனால் அந்த உரிமை இல்லாமல், 'முடியுமா, முடியாதா' என்ற ஒற்றைக் கேள்வி மட்டும் மிஞ்சினால், என்னைப் போன்றவர்கள் ஜூரியில் உட்கார்ந்துவிடுவார்கள். உரிமையை எடுக்கும் இடத்தில் நல்ல கேள்விகள் வர வேண்டும். முதலில் எழுத்தில் பதில் வாங்கட்டும், காகிதத்தில் மனிதர்கள் கொஞ்சம் மனம் திறப்பார்கள். அப்புறம் தேவைப்பட்டவரைத் தனியாக அழைத்து, 'உங்கள் வீட்டில் திருடு போனபோது எப்படி இருந்தது? இப்போது இந்த இளைஞரைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?' என்று கேட்டு, அவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கட்டும். என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

நம் ஊரில் ஜூரி முறை போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பாகவதரும் கலைவாணரும் ஜூரி முன் நின்ற லட்சுமிகாந்தன் கொலை வழக்கெல்லாம் இன்று பலருக்குப் பழங்கதை. ஆனால் இங்கே குடியுரிமை வாங்கும் தமிழர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சம்மன் வருகிறது. என் தோழிகளில் பலர் அதை எப்படித் தட்டிக்கழிப்பது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். அந்த அறையில் என்ன கேட்பார்கள், 'முடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும், அப்படிச் சொல்வது குற்றமில்லை என்பதையெல்லாம் விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டால் உபயோகமாக இருக்கும். உதவி தேவைப்பட்டால் என் அனுபவத்தை விரிவாக எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
அமெரிக்கா