அச்சோவிய மாணவர்களைப் பட்டறைக்கு அனுப்புங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நுண்கலை படித்தவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓவியம், சிற்பம், விளம்பர வடிவமைப்பு எல்லாம் இருந்தது, தகட்டிலோ கல்லிலோ படத்தை உருவாக்கி, மையிட்டுத் தாளில் அச்செடுக்கும் அச்சோவியத்துக்கு ஒரு வரிகூட இல்லை. நான் அந்தத் துறையில் இறுதியாண்டு மாணவன். போன கோடை விடுமுறையில் சென்னையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஓவியரிடம் உதவியாளனாக இருந்தேன். அங்கே கற்றது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை, இருக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அச்சோவியத்தில் ஒரு வகையான எட்சிங் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்புத் தகட்டின் மேல் தேன்மெழுகும் நிலக்கீலும் குங்கிலியமும் கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் கோடு கீறி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து பிரஸ்ஸில் ஓட்டினால் படம் தாளில் ஏறிவிடும். இவ்வளவையும் எந்த மாணவனும் தேர்வில் எழுதிவிடுவான்.

ஆனால் மே மாத வெயிலில் கரைசல் சூடேறி அரிப்பு வேகமாகும், மையும் இளகிப்போகும், அப்போது என்ன செய்வது என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. அக்கா (பட்டறையில் எல்லோரும் அந்த ஓவியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அன்றைய வெயிலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று முதலில் ஒரு துண்டுத் தகட்டைப் போட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் நல்ல தகட்டை இறக்குவார். இளகிய மையில் மக்னீசியம் கார்பனேட் தூளைக் கொஞ்சம் குழைத்து இறுக்குவார். கரைசலில் தகட்டைக் கவிழ்த்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் கசடு கோட்டுக்குள்ளேயே தங்கி அரிப்பை மந்தமாக்கிவிடும். படத்தில் சாயல் பரப்புகள் வரத் தகட்டின் மேல் குங்கிலியத் தூள் தூவும்போது முகமூடி போடாதவர்களை அந்த அறைக்குள்ளேயே விடமாட்டார், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதோடு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளவும் கூடியது.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது துடைக்கிற வேலைதான். கஞ்சி போட்ட வலைத்துணியை உருட்டிப் பிடித்து வட்டமாகத் துடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் லேசாக இழுக்க வேண்டும். அழுத்தினால் கோட்டுக்குள் இருக்கும் மையும் வந்துவிடும், சரியாகத் துடைக்காமல் விட்டால் படம் முழுக்க ஒரு சாம்பல் படலம் நிற்கும். வானத்தில் மட்டும் கொஞ்சம் படலம் வேண்டும், வீட்டுச் சுவரில் வேண்டாம் என்பார், அதை ஒவ்வொரு முறையும் அதே அளவில் விடவேண்டும். இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் மைக்கு, ஒருவர் தாளுக்கு. “தம்பி, மை தொட்ட கை தாள் பக்கம் வரவே கூடாது” என்பார் அக்கா. தாளை நான் எடுக்கும்போதுகூட மடித்த அட்டைத் துண்டால் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுப்பேன்.

ஒரு எடிஷனில், அதாவது ஒரே தகட்டிலிருந்து எண்ணிட்டு எடுக்கும் படங்களின் தொகுதியில், 20 படம் என்றால் முதலாவதும் இருபதாவதும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அக்கா ஒப்புக்கொண்ட மாதிரிப் படம் (புரூஃப்) சுவரில் இருக்கும், புதிதாக வரும் ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்த படங்களைக்கூடக் கிழித்துப் போட்டார். மனசு பதறும். ஆனால் படத்தின் கீழே பென்சிலில் 7/20 (இருபதில் ஏழாவது) என்று எழுதுவதை நம்பித்தானே ஒருவர் பணம் கொடுத்து வாங்குகிறார், எடிஷன் முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறி ரத்து செய்வதும் அந்த நம்பிக்கைக்காகத்தான். அச்சோவியத்தை ஜெராக்ஸ் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு நாள் வந்து பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். நான் படிக்கிற இடத்தில் வகுப்பு முழுமைக்கும் ஒரே பிரஸ், மதிப்பெண்ணுக்குச் சில படங்கள் போதும், அதனால் முழு எடிஷன் ஒன்றைக்கூடப் போடாமலே பட்டம் வாங்கிவிடலாம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தக் கலை வளர்ந்ததே பட்டறையில் கூடி வேலை செய்துதான். சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்த கிருஷ்ணா ரெட்டி பாரிஸ் போய் ஆங்கிலேய அச்சோவியர் ஹேய்ட்டரின் அட்டெலியே 17 பட்டறையில் மற்றவர்களோடு சேர்ந்து உழைத்துத்தான், மையின் எண்ணெய்ப் பதத்தை மாற்றி மாற்றி ஒரே தகட்டில் பல வண்ணம் எடுக்கும் முறைக்கு உலகறிந்த பெயரானார். அமெரிக்காவில் 1960இல் தொடங்கிய டாமரிண்ட் பட்டறை, ஓவியரின் பக்கத்தில் நின்று கல்லச்சு (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு) எடுத்துக் கொடுக்கும் அச்சாளர்களைத் தனியாகவே பயிற்றுவிக்கிறது, படத்தின் ஓரத்தில் அந்த அச்சாளரின் முத்திரையும் இருக்கும். அதை ஒரு தொழிலாக அங்கே மதிக்கிறார்கள்.

1850லேயே ஓவியப் பள்ளி தொடங்கிய ஊர் சென்னை, இங்கே கிரீம்ஸ் சாலையில் தேசிய நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் அச்சோவியப் பட்டறையும் இருக்கிறது. இறுதியாண்டில் ஒரு பருவத்தை, வேலை செய்துகொண்டிருக்கும் ஓவியரின் பட்டறையில் கழித்தாக வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு என்று ஆக்குவது பெரிய காரியம் இல்லை. ஆனால் சம்பளம் இல்லாமல் இதைக் கொண்டுவரக் கூடாது. அக்கா எனக்கு வாராவாரம் பணம் கொடுத்தார், எல்லா ஓவியர்களாலும் அது முடியாது, தாளும் மையும் வாங்கவே திணறுகிறவர்கள்தான் அதிகம். அரசு உதவித்தொகை கொடுத்தால்தான் வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் பட்டறைக்குப் போக முடியும். இதைப் பற்றி உங்கள் நாளிதழ் கலை பண்பாட்டுத் துறையிடம் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சோவியத் துறை மாணவன்,
சென்னை